கெசையா அடையாளம் சொன்ன உடல்

எபன் கிராஸ்க் காணாமல் போன அன்று கடலில் காற்றே இல்லை. பின்னால் கிளம்பிய பேச்சுக்கெல்லாம் அதுதான் வித்து.

புயலில் போனவனைப் பற்றி எங்கள் மீனவ ஊர் ரான்ஸ்பியில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். வீட்டுக்காரி கறுப்பு உடுத்துவாள், பாதிரியார் வந்து ஜெபம் சொல்வார், அக்கம்பக்கத்திலிருந்து ஒரு பானை சூப் வரும். எபன் போனதோ தகடு மாதிரி அசையாமல் கிடந்த அக்டோபர் கடலில். மறுநாள் அவன் படகு மட்டும் மணல்திட்டுக்குப் பக்கத்தில் மிதந்தது. துடுப்பு இரண்டும் உள்ளே ஒழுங்காகப் படுத்திருந்தன. வலை நனையவே இல்லை.

"துடுப்பை எடுத்து உள்ள வச்சுட்டு எவனாவது முழுகுவானா?" என்று முதலில் கேட்டவள் மிஸஸ் பெக். ரொட்டிக் கடை வைத்திருந்தவள். அவள் கடைக்கு ரொட்டி வாங்கப் போகிறவர்கள் ரொட்டியோடு செய்தியும் வாங்கி வருவார்கள்.

அன்று சாயங்காலம் வெளிக்கடலில் ஒரு பாய்க்கப்பல் நங்கூரம் போட்டு நின்றதைப் பலர் பார்த்திருந்தார்கள். அந்தக் கோடை முழுக்க எபன் கனடா, கனடா என்று சொல்லிக்கொண்டிருந்ததும் ஊருக்குத் தெரியும். அங்கே நிலம் சும்மா கிடைக்கிறதாம், மீன் கையில் வந்து ஏறுகிறதாம். இரண்டையும் முடிச்சுப் போட மிஸஸ் பெக்குக்கு எத்தனை நேரம் ஆகும்? பெண்டாட்டியையும் பிள்ளையையும் விட்டுவிட்டு எபன் கப்பலேறிவிட்டான் என்று ஒரு வாரத்துக்குள் ஊர் முடிவு கட்டிவிட்டது.

எபனின் பெண்டாட்டி கெசையா யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. போயிருப்பாள். அவளுடைய வாய் சாமானியமான வாய் இல்லை. சதுப்பு நிலத்தில் மாடு மேய்த்தவரின் மகள், குரல் ஒரு மைல் போகும். ஆனால் காணாமல் போன அன்று காலையில் அவனிடம் கடைசியாக அவள் சொன்ன சொல் அவளுடைய வாயைக் கட்டிப் போட்டுவிட்டது. ரொட்டியில் பன்றிக்கொழுப்பைத் தடவிக் கொடுத்துக்கொண்டே, அவன் மறுபடி கனடாவைப் பற்றி ஆரம்பித்ததும், "போறதுன்னா போய்த் தொலையேன், யார் கையைப் பிடிச்சா?" என்று கேட்டிருந்தாள். அவன் சிரித்தான். ரொட்டியை எடுத்துக்கொண்டு போனான். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று அவள் எத்தனையோ நாள் அடுப்புமுன் உட்கார்ந்து யோசித்திருக்கிறாள். செத்துப்போனவன் என்றால் அழுது தீர்க்கலாம். ஓடிப்போனவன் என்றால் திட்டித் தீர்க்கலாம். இவனை என்ன செய்வது?

பாதிரியார் திர்ஸ்பியிடம் போய், புருஷனுடைய பெயரைக் கோயில் பதிவேட்டில் எழுதச் சொன்னாள். அவர் நல்ல மனிதர். ஆனாலும் தலையை ஆட்டிவிட்டார்.

"அது அடக்கப் பதிவேடு, கெசையா. அடக்கம் பண்ணினவங்க பேரைத்தான் எழுதலாம். உடல் வேணுமே."

"கடல் குடுக்கலைன்னா நான் எங்க போறதுங்க?"

"காத்திருக்கணும்."

எபனுடைய குடும்பத்தில் அது புதிதும் அல்ல. அந்தப் பதிவேடுகளைப் புரட்டினால் கிராஸ்க் வீட்டு ஆண்கள் ஒவ்வொருவருக்கும் ஞானஸ்நானம் இருக்கும், கல்யாணம் இருக்கும், அதற்கப்புறம் ஒன்றும் இருக்காது. ஊர் அவர்களையெல்லாம் கடலில் போனவர்கள் என்று மரியாதையாகவே நினைவு வைத்திருந்தது. எபனுக்கு மட்டும் அந்த மரியாதை இல்லை. அவனுடைய மகள் ஹெப்சியைப் பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள், "உங்கப்பன் கனடாவிலேருந்து கரடி அனுப்பினானா?" என்று கேட்டார்கள். அவள் அழுதுகொண்டு வந்தாள். மறுநாளிலிருந்து அழாமல் வந்தாள். அது கெசையாவுக்கு இன்னும் வலித்தது.

கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்னால் ஒரு உடல் கரை ஒதுங்கியது.

மதுக்கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் வைத்தார்கள். முகம் இல்லை. தண்ணீரில் நெடுநாள் கிடந்த உடல். மரண விசாரணை அதிகாரி குதிரைவண்டியில் வந்திறங்கி, மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, விசாரணைக்கு ஜூரியாக உட்கார வைத்திருந்த விவசாயிகளைச் சீக்கிரம் முடிக்கச் சொன்னார். குளிர் வேறு. கெசையாவைக் கூப்பிட்டு விட்டார்கள்.

அவள் உள்ளே போய் நின்று பார்த்தாள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எபனுக்கு மேல்வரிசையில் முன்பல் ஒன்று கிடையாது. பாய்மரக்கட்டை இடித்துப் போனது. இந்த வாயில் பல் அத்தனையும் முத்துமாதிரி இருந்தது. எபனைவிட உயரமும் கொஞ்சம் குறைச்சல்.

"உன் புருஷனாம்மா?" என்று அதிகாரி கேட்டார்.

கொட்டகைக் கதவுக்கு வெளியே பாதி ஊர் நின்றுகொண்டிருந்தது. மிஸஸ் பெக்கின் தொப்பி எல்லாருக்கும் முன்னால் தெரிந்தது. கெசையா அந்தத் தொப்பியைப் பார்த்தாள்.

"ஆமாங்க," என்றாள். "எபன்தான்."

"சத்தியமா?"

"சத்தியமாங்க."

உடலைக் கழுவ மற்றப் பெண்கள் முன்வந்தபோது அவள் விடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு தானே கழுவினாள். ஈரக் காலுறையைக் கத்தரித்து எடுத்தபோது இடது காலில் இரண்டாவது விரலும் மூன்றாவது விரலும் நுனிவரை ஒட்டிப் பிறந்திருந்தன. அதுவரைக்கும் அது வெறும் ஒரு உடல். அந்தக் கால்விரல்களைப் பார்த்ததும், இதை ஒருத்தி தொட்டிலில் வைத்து முத்தம் கொடுத்திருப்பாளே என்ற நினைப்பு வந்துவிட்டது. எபனுடைய ஞாயிற்றுக்கிழமைக் காலுறையை எடுத்து அந்தக் காலில் மாட்டி, முழங்கால்வரை இழுத்துவிட்டாள். அதற்குமேல் யாரும் பார்க்க வழியில்லை.

ஊரே அடக்கத்துக்கு வந்தது. பாதிரியார் பதிவேட்டில் எபன் கிராஸ்க், வயது முப்பத்திநான்கு என்று எழுதினார். மிஸஸ் பெக் ஒரு பானை சூப் கொண்டுவந்து, "நான் அப்பவே சொன்னேன், எபன் அப்படிப்பட்ட ஆளில்லைன்னு," என்றாள்.

குழி வெட்டியவர் அமோஸ் டாக். மணி அடிப்பது, குழி வெட்டுவது, பதிவேட்டுப் பெட்டியைப் பூட்டித் திறப்பது எல்லாம் அவர்தான், எங்கள் கோயில்பிள்ளை. மனைவியை இழந்தவர். வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள். கல்லறைக்குத் தலைமாட்டில் வைக்க ஒரு பலகையும் அவரே செய்து, எபன் பெயரைச் செதுக்கிக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை.

ஹெப்சி மாறிப்போனாள். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கல்லறைக்குப் போய்விடுவாள். அன்றைக்கு நடந்ததையெல்லாம் அந்தப் பலகையிடம் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். கோடையில் சதுப்பிலிருந்து ஊதாப் பூக்களைக் கொண்டுவந்து வைத்தாள். கெசையாவின் வீடு கல்லறைத் தோட்டத்துச் சுவரை ஒட்டினாற்போல இருந்ததால் சன்னலிலிருந்தே அதைப் பார்க்க முடியும். முதலில் பார்க்கப் பயந்தாள். பிறகு பழகிவிட்டது. நாளாக நாளாக அங்கே கிடப்பது எபன்தான் என்று அவளே பாதி நம்பத் தொடங்கினாள். ஒருநாள் களை பிடுங்கப் போனவள், "போய்த் தொலைன்னு சொன்னது மனசுல இல்லைடா," என்று மண்ணைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தாள். அன்று இரவு வெகுநாள் கழித்து நன்றாகத் தூங்கினாள்.

அடுத்த இலையுதிர்காலத்தில் அமோஸ் ஒரு கூடை உருளைக்கிழங்கோடு வந்தார். இறக்கி வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"என்ன, கூடைய திருப்பித் தரணுமா?"

"கூடை இருக்கட்டும். கெசையா, நீயும் தனியா சமைக்கிறே, நானும் தனியா கரிய வைக்கிறேன். ஒரே அடுப்பா இருந்தா வெறகு மிச்சம்."

"வெறகுக்காகவா கேக்குறீங்க?"

"வெறகுக்காக மட்டும்னு சொல்லலை," என்றார் அமோஸ், காது சிவக்க.

அவள் சிரித்தாள். எபன் போனபிறகு அவள் சத்தம்போட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய அவர்களுடைய கல்யாண ஓலை முதல்தடவை வாசிக்கப்பட்டது. கெசையா கிராஸ்க், விதவை என்று பாதிரியார் வாசித்தபோது ஆட்சேபிக்க யாரும் எழுந்திருக்கவில்லை.

அந்த வாரத்திலேயே ஒரு அம்மாள் வந்தாள்.

பெயர் எல்ஸ்பெத் ஸ்லேட்டர். ஸ்காட்லாந்தின் வடகோடிக் கரைக்காரி. இலையுதிர்காலத்தில் ஹெர்ரிங் மீன் நறுக்க யார்மத் துறைமுகத்துக்கு ரயிலேறி வருகிற பெண்களோடு வந்தவள். வேலை இல்லாத நாளெல்லாம் கரையோரமாக நடந்து, ஒவ்வொரு ஊர்க் கோயிலிலும் கதவைத் தட்டி, போன குளிர்காலத்தில் பெயர் தெரியாதவர் யாரையாவது அடக்கம் பண்ணினீர்களா என்று கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். ரான்ஸ்பியில் அமோஸ் பெட்டியைத் திறந்தார், பாதிரியார் பதிவேட்டைப் பிரித்துக் காட்டினார். அந்தக் குளிர்காலத்தில் அடக்கமான எல்லாருக்கும் பெயர் இருந்தது.

மழை பிடித்துக்கொண்டது. யார்மத் வண்டி மறுநாள் காலையில்தான். கல்லறைச் சுவரோரம் சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றவளைக் கெசையாதான் உள்ளே கூப்பிட்டாள். தேநீர் கொடுத்தாள், நெருப்புக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவள் பேச்சு புரிய முதலில் கொஞ்சம் சிரமமாக இருந்தது.

"யாரைத் தேடுறீங்க?"

"எம் மவனைத்தான். லாக்லன். பத்தொம்பது வயசு. போன வருசம் இந்தப் பக்கம் மீன்பிடிக்க வந்த எடத்துல படகுலேருந்து விழுந்துட்டான். எங்கேயோ ஒரு எடத்துல கெடக்கான். எதுன்னு தெரிஞ்சாப் போதும் எனக்கு."

"முகம் தெரியாமப் போயிருந்தா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"மொகம் எதுக்கு? காலைப் பார்த்தாப் போதும். எடது காலுல ரெண்டு வெரலு ஒட்டிக்கிட்டே பொறந்தான். ஊருல எல்லாரும் வாத்து, வாத்துன்னுதான் கூப்புடுவாங்க. வாத்து தண்ணியில முழுகுமா, நீ கவலப்படாதம்மான்னு சொல்லிட்டுத்தான் ரயிலேறினான்."

கெசையா கையிலிருந்த தேநீர்ப் பானையை மேசைமேல் வைத்தாள். கையை மேசையிலிருந்து எடுக்கவில்லை.

ஹெப்சி அதுவரை மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவள், "எங்கப்பாவும் கடல்லதான் போனாரு," என்றாள். "ஆனா திரும்பி வந்துட்டாரு. அதோ, சன்னல்ல பாருங்க. பலகை தெரியுதா? அதுதான்."

எல்ஸ்பெத் சன்னலுக்குப் போய்ப் பார்த்தாள். "குடுத்து வச்ச புள்ள நீ," என்றாள். "போயி நிக்க ஒரு எடம் இருக்கு உனக்கு. என்னைக் கூட்டிட்டுப் போறியா? வந்ததுக்கு உங்கப்பாவுக்கு ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போறேன்."

கெசையா வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஹெப்சி கதவைத் திறந்துவிட்டாள். இருவரும் மழையில் போனார்கள். வாசலில் நின்று அவள் பார்த்தாள். எல்ஸ்பெத் ஈரப் புல்லில் மண்டியிட்டாள். ஒரு கையைக் கல்லறை மண்மேல் ஊன்றிக்கொண்டு நீளமாக ஜெபம் சொன்னாள். எழுந்திருக்கும்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஹெப்சி கைகொடுத்துத் தூக்கினாள். தூக்கிய கையை விடாமல், அந்த அம்மாள் எபன் கிராஸ்க் என்ற எழுத்துகளின்மேல் படிந்திருந்த மழைத்தண்ணீரைத் தன் சால்வை நுனியால் துடைத்தாள்.

எல்ஸ்பெத் மதுக்கடை மாடியறையில் தங்கப் போனாள். பொழுது சாயும் மணியை அடித்துவிட்டு அமோஸ் வந்தார். கெசையா ஹெப்சியைப் பக்கத்து வீட்டுக்குப் பால் வாங்க அனுப்பிவிட்டு, அவரை உட்காரச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டே கேட்டார்.

"நான் வெட்டின குழி," என்றார் கடைசியில்.

"ஆமா."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்குத் தெரியும். இப்ப உங்களுக்கு."

அவர் எழுந்து கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தம்மா காலையில வண்டியேறிடும். நீ வாயைத் திறக்காட்டி யாருக்கு என்ன நஷ்டம்? செத்தவன் செத்தவன்தான். நீ சொன்னா எபன் செத்ததுக்கு ஆதாரம் இல்லாமப் போயிரும். அப்புறம் நீ விதவை இல்லை, கெசையா. ஓலையை நிறுத்திருவாங்க," என்றார்.

"தெரியும்."

"நான் வருஷக்கணக்கா காத்திருக்க முடியாது. ரெண்டு குழந்தைங்க. உனக்கே தெரியும்."

"அதுவும் தெரியும்."

"அப்படின்னா பேசாம இரு. கெஞ்சிக் கேக்குறேன்."

பேசாமல்தான் இருக்கப் போகிறேன் என்று அவள் அவருக்கு வாக்குக் கொடுத்தாள். மனதாரத்தான் கொடுத்தாள். அந்த வாக்கோடு போய்ப் படுத்தாள். ஆனால் கண்ணை மூடினால் அந்த அம்மாள் பலகையைத் துடைத்தது வந்து நின்றது. பெற்றவள் தன் பிள்ளைமேல் கைவைத்துக்கொண்டே இன்னொருத்தி புருஷனுக்கு ஜெபம் சொல்லிவிட்டுப் போகிறாள். இதைப் பார்த்த பிறகு ரான்ஸ்பியில் எந்தச் சன்னல் வழியாகவும் எதையும் பார்க்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

காலையில் வண்டிக்காரன் குதிரையைப் பூட்டிக்கொண்டிருந்தான். எல்ஸ்பெத் மூட்டையை மேலே போட்டுவிட்டு ஏறப் போனாள். கெசையா ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள்.

"ஏறாதீங்க. உங்க மகன் இங்கதான் இருக்கான்."

"என்ன சொல்லுற?"

"நேத்து நீங்க மண்டி போட்டது அவன்மேலதான். எம் புருஷன் இல்லைன்னு தெரிஞ்சேதான் எம் புருஷன்னு சொன்னேன். ஒட்டின வெரலைப் பார்த்தேன். நானே உறையை மாட்டி மறைச்சேன்."

எல்ஸ்பெத்தின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. வண்டிக்காரன் கடிவாளத்தைப் பிடித்தபடி வாயைப் பிளந்து நின்றான். பிறகு அவள் கேட்டாள்:

"கழுவினது யாரு?"

"நான்தான்."

"வேற யாரும் தொடலையே?"

"விடலை."

"பச்சத் தண்ணியா?"

"வெந்நீர் வச்சேங்க. வீட்டுலேருந்து தூக்கிட்டுப் போனேன்."

எல்ஸ்பெத் தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம் ஓங்கி ஒரு அறை விட்டாள். கெசையாவின் தொப்பி சேற்றில் போய் விழுந்தது. அடித்த கையைத் தானே பார்த்துக்கொண்டு, தெருவென்றும் பாராமல் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து, ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அழுதாள். கெசையா பக்கத்தில் நின்றாள். தொடத் தைரியம் வரவில்லை.

பாதிரியார் திர்ஸ்பி இருவரையும் தன் அறையில் உட்காரவைத்துக் கேட்டார். கேட்டு முடித்ததும், "அந்த நேரத்து வருத்தத்துல நீ தப்பா அடையாளம் சொல்லிட்டே, அப்படித்தானே?" என்றார்.

"இல்லைங்கய்யா. தெரிஞ்சுதான்."

"கெசையா. எனக்குக் காது கொஞ்சம் மந்தம். பொய்ச் சத்தியம் பண்ணினவங்களுக்கு ஜெயில். தப்பா அடையாளம் சொன்னேன்னுதான் நீ சொன்னே. என் காதுல அதுதான் விழுந்துச்சு. அதைத்தான் அதிகாரிக்கு எழுதப்போறேன்." எல்ஸ்பெத்தைப் பார்த்தார். "உங்களுக்கு ஆட்சேபம் உண்டாம்மா?"

எல்ஸ்பெத் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "அவ ஜெயிலுக்குப் போனா எனக்கு என்ன கெடைக்கும்?" என்றாள்.

பதிவேட்டில் எழுதியதை அழிக்கக் கூடாது. எபன் பெயர் எழுதியிருந்த வரிக்குப் பக்கத்திலிருந்த ஓரத்தில் சின்ன எழுத்தில், இவ்வுடல் லாக்லன் ஸ்லேட்டருடையது என்று பின்னால் தெரியவந்தது என எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாட்சிக் கையெழுத்து அமோஸுடையது. அவர் போட்டுவிட்டுக் கெசையாவைப் பார்க்காமல் வெளியே போனார்.

பலகையைப் பிடுங்க வேண்டியவரும் அவர்தான். ஹெப்சி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அது கல்லறையில் இல்லை. கோயில் கொட்டகையில் சாத்தியிருந்ததைக் கண்டுபிடித்து, தன்னைவிடப் பெரிய பலகையை வீடுவரை இழுத்துக்கொண்டு வந்தாள். வாசலில் போட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"அப்பா எங்கம்மா?"

"தெரியலைடி."

"அப்ப நான் தினம் யார்கிட்ட பேசினேன்?"

கெசையா பலகையைத் தூக்கக் குனிந்தாள், ஹெப்சி அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீ பேசாம இருந்திருக்கலாம்ல? அந்தம்மாவுக்குத்தான் தெரியாதே! எங்கப்பாவ எடுத்து அவங்களுக்குக் குடுத்துட்டே."

"அது உங்கப்பா இல்லடி கண்ணு."

"எனக்கு அப்பாதான்," என்றாள் ஹெப்சி. பலகையைத் தன் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு கட்டில்மேல் முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு ஓலை வாசிக்கவில்லை. ஊர் வாய் திறந்துகொண்டது. "புருஷனை ஒரு தடவை கடல்ல விட்டா. இப்பக் கல்லறையிலேருந்தும் விட்டுட்டா. இவளுக்குப் புருஷன் தங்கவே மாட்டான்போல," என்றாள் மிஸஸ் பெக். அமோஸைக் கட்டிக்கொள்ளத்தான் கண்டவன் உடலை எபன் என்றாள் என்று சிலர் சொன்னார்கள். இதில் அமோஸையும் இழுத்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஈஸ்டருக்குள் பக்கத்து ஊரில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். கெசையா அந்தக் கல்யாணத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாள். போகாவிட்டால் அதற்கும் ஒரு பேச்சு வரும். வெளியே வந்தபோது புதுப்பெண்ணின் கையைப் பிடித்து, "அவருக்கு உருளைக்கிழங்கு கரியாம வச்சுக் குடும்மா," என்றாள். அந்தப் பெண் அதை வேடிக்கைப் பேச்சென்று நினைத்துச் சிரித்தாள்.

வடக்கிலிருந்து ரயிலில் ஒரு கல் வந்தது. சாம்பல் நிறக் கல். அதில் லாக்லனின் பெயரும் அவன் ஊரும் மட்டும் இருந்தன. எல்ஸ்பெத் ஒவ்வொரு ஹெர்ரிங் பருவத்திலும் யார்மத்திலிருந்து வருவாள். கல்லருகே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விடுவாள். கெசையா வீட்டுப் பக்கம் திரும்பமாட்டாள். கெசையாவும் கதவைத் திறக்கமாட்டாள். ஆனால் அவள் வருகிற வாரம் தெரிந்து முந்தின நாளே கல்லைச் சுற்றிக் களை பிடுங்கி வைத்துவிடுவாள். சில வருஷம் கழித்து ஒரு தடவை எல்ஸ்பெத் தானே வந்து கதவைத் தட்டினாள். தேநீர் குடித்தாள். முழங்கால் வலியைப் பற்றியும் மீன் விலையைப் பற்றியும் பேசினாள். மகனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போகும்போது, "புல்லு யாரு பிடுங்குறது?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் போனாள். அதற்கடுத்த வருஷம் வரவில்லை. அவளோடு வேலை செய்த பெண்ணொருத்தி வந்து, வசந்தத்தில் நெஞ்சு வலியில் போய்விட்டாள் என்று சொன்னாள்.

ஹெப்சி பதின்மூன்று வயதானதும் நாரிச் நகரத்தில் ஒரு வக்கீல் வீட்டு வேலைக்குப் போனாள். கிறிஸ்துமஸுக்கு வருவாள், அளவாகப் பேசுவாள், மறுநாள் கிளம்பிவிடுவாள். அவள் போனபிறகு வீடு பெருக்கும்போது பலகை கட்டிலடியில் இல்லை என்று கெசையா கண்டாள். நகரத்துக்கு எடுத்துப் போனாளா, எங்கேயாவது எரித்தாளா, தெரியாது. கேட்கவும் இல்லை.

எபனைப் பார்த்ததாக ஒருவன் வந்து சொன்னதும் உண்டு. கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில், தாடியோடு, முன்பல் இல்லாமல். இன்னொரு கப்பல்காரனோ, அந்த அக்டோபரில் மணல்திட்டருகே ஒரு ஆள் படகிலிருந்து எட்டி எதையோ எடுக்கப் போய்த் தலைகுப்புற விழுந்ததைத் தன் கப்பல்தட்டிலிருந்து கண்ணால் கண்டதாக மதுக்கடையில் சொன்னான். இரண்டு பேரும் குடித்திருந்தார்கள். கெசையா இருவருடைய வாயாலும் நேரில் கேட்டுவிட்டு வந்தாள். இரண்டையும் நம்பினாள், இரண்டையும் நம்பவில்லை. இதற்கிடையில் ஏழு வருஷம் ஓடிவிட்டது. காணாமல் போனவனை இனிச் செத்தவனாக எண்ணிக்கொள்ளலாம், வேண்டுமானால் மறுகல்யாணம் கட்டலாம் என்று பாதிரியார் சொல்லிவிட்டார். "யாரைங்க?" என்று கேட்டாள் கெசையா.

ஹெப்சி ரயில்வேயில் வேலைசெய்கிற ஒருவனை மணந்தாள். கல்யாணத்தை ரான்ஸ்பி கோயிலில்தான் வைத்துக்கொள்ளப் போவதாக அவளே எழுதியிருந்தாள். கெசையாவுக்கு அது பெரிய ஆச்சரியம். பன்றித்தொடை ஹாம் வேகவைத்தாள், சீமைத்திராட்சை போட்டுக் கேக் செய்தாள், சன்னல்களைக் கழுவினாள்.

திர்ஸ்பி ஓய்வு பெற்றுப் போயிருந்தார். புதுப் பாதிரியார் இளைஞர், பழைய கதை எதுவும் தெரியாதவர். ஆராதனை முடிந்து கையெழுத்துக்காக எல்லோரும் பக்கத்து அறைக்குப் போனார்கள். கல்யாணப் பதிவேட்டில் மாப்பிள்ளை தகப்பனுக்கு ஒரு கட்டம், பெண் தகப்பனுக்கு ஒரு கட்டம்.

"பெண்ணோட அப்பா பேர்?"

"எபன் கிராஸ்க்," என்றாள் ஹெப்சி.

"தொழில்?"

"மீன்பிடி."

அவர் எழுதினார். பிறகு பேனாவைத் தூக்கி, "காலமானவரா?" என்று கேட்டார். "காலமாயிட்டார்னா அதையும் எழுதணும்."

அமோஸ் மணிக்கயிற்றைக் கட்டிவிட்டு அப்போதுதான் உள்ளே வந்திருந்தார். தலை நரைத்திருந்தது. அவர் தரையைப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாதிரியார் கெசையா பக்கம் திரும்பினார். ஒரே ஒரு வார்த்தை. ஆமாம் என்றால் முடிந்துவிடும். மகள் கல்யாண நாள். யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள்.

"தெரியாதுங்க," என்றாள்.

"தெரியாதுன்னு எழுத இடமில்லையேம்மா."

ஹெப்சி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். சின்ன வயதில் பலகையை வாசலில் போட்டுவிட்டுப் பார்த்த அதே பார்வையாக இருக்குமோ என்று கெசையா பயந்தாள். அப்படி இல்லை. மன்னிப்பு என்றும் சொல்ல முடியாது. நெடுந்தூரம் சேர்ந்து நடந்த இருவரில் ஒருத்தி மற்றவளின் களைப்பைக் கவனிக்கிற பார்வை.

"அம்மாவுக்குத் தெரியாதுன்னா யாருக்கும் தெரியாது," என்றாள் ஹெப்சி பாதிரியாரிடம். "ஒண்ணும் எழுதாம விட்டுருங்க."

அவர் பேனாவை மையில் தொட்டு அடுத்த கட்டத்துக்குப் போனார். காலமானார் என்று எழுதாத தகப்பன் உயிரோடு இருக்கிறான் என்றுதான் அந்தப் பதிவேட்டைப் படிக்கிறவர்களுக்கு அர்த்தம். மணமக்கள் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சியாகக் கெசையாவும் போட்டாள். மை காய்வதற்காக எல்லோரும் கொஞ்சம் நின்றார்கள்.

சாப்பாடு நன்றாக நடந்தது. ஹாம் மிச்சமில்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா மேசைமேல் தட்டிப் பாடினார். நாலு மணி ரயிலுக்கு அவர்கள் கிளம்பினார்கள். வண்டியேறுமுன் ஹெப்சி அம்மாவின் சால்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டு, "காத்து அடிக்குது, உள்ள போம்மா," என்றாள். கெசையா போகவில்லை. வண்டி திருப்பம் தாண்டும்வரை நின்றாள். பிறகு வீட்டுக்குள் போய், கேக்குத் துணுக்குகளை ஒரு தட்டில் திரட்டி, அழுக்குத் துணிகளைத் தண்ணீரில் போட்டு, தனியாக உட்கார்ந்து அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று பிரித்துச் சொல்ல அவளாலேயே முடியவில்லை.